லவங்க அத்தரும் முப்பது பற்களும்

1

சென்ற மாதம் ஒரு கண் மருத்துவமனையிலிருந்து என்னை வெளியே அனுப்பினார்கள். குடித்துவிட்டுப் போனதற்காக அல்ல. சத்தம் போட்டதற்காகவும் அல்ல. மணத்ததற்காக.

ஊரில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்காது. நான் இருப்பது கனடாவின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுக ஊர். இங்கே மருத்துவமனை, நூலகம், வரி அலுவலகம் என்று எங்கே போனாலும் கதவில் ஒரு பூவின் படத்தைப் போட்டு அதன் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருப்பார்கள். வாசனை பூசிக்கொண்டு உள்ளே வராதே என்று பொருள். சிலருக்குத் தலைவலி வரும், சிலருக்கு மூச்சு இரைக்கும், நியாயமான விதிதான். அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது, இந்த ஊரிலும் பூ விற்பவர்கள் உள்ளே வந்து தொல்லை கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் என்னைப் பார்த்ததும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"ஐயா, ஏதாவது பூசியிருக்கிறீர்களா?"

"ஒரு சொட்டு. காதுக்குப் பின்னால்."

"எந்தக் காதுக்கு?"

இரண்டு காதுக்கும் என்று ஒப்புக்கொண்டேன். ஆறு வாரம் கழித்து வேறு தேதி கொடுத்தாள். நான் அந்த விதியை எழுத்தில் கேட்டேன். ஒரு தாளை எடுத்துத் தந்தாள். நின்றபடியே படித்தேன். "பலமான வாசனைகள்" என்று இருந்தது. பலம் என்றால் எவ்வளவு, அதை அளப்பவர் யார், அளந்தவர் சொன்னது தவறென்றால் யாரிடம் மேல்முறையீடு செய்வது, ஒன்றுமே இல்லை. இரண்டு நாடுகளில் சேர்த்து முப்பத்தெட்டு வருடம் அரசாங்கக் காகிதங்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். வரையறை இல்லாத விதியைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். வீட்டுக்கு வந்து இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். பதினோராம் நாள் பதில் வந்தது. என் கடிதம் கிடைத்ததாம். அதற்கு ஓர் எண்ணும் கொடுத்திருந்தார்கள்.

மகன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான். "காதைக் கழுவிட்டுத் திரும்பப் போயிருந்தா அன்னிக்கே கண்ணைப் பாத்திருப்பாங்கப்பா. எதுக்கு லெட்டர்?"

இதே கேள்வியை வேறு வார்த்தைகளில் ஸ்ரீரங்கத்தில் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

ஐம்பதுகளின் கடைசி. திருச்சி கன்டோன்மென்ட்டில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் ரெக்கார்ட் ரூமில் நான் குமாஸ்தா. அப்பா இல்லை. அம்மா லால்குடியில். நான் தென்னூரில் ஓர் அறை எடுத்துக்கொண்டு மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ரெக்கார்ட் ரூம் வாசனையை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். வௌவால் எச்சம், நனைந்து காய்ந்த காகிதம், பசை, பூச்சி மருந்து, செத்த பல்லி. இவை அத்தனையும் சேர்ந்து சட்டையில் ஏறும். சட்டையைத் தாண்டி உடம்பிலும் ஏறும். சாயங்காலம் குளித்தாலும் போகாது. மெஸ்ஸில் என் பக்கத்து இலைக்காரர் ஒருநாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இங்க எங்கயோ எலி செத்திருக்கு சார்" என்றார். அது நான்தான்.

அன்றைக்கே பெரிய கடைவீதிக்குப் போனேன். அங்கே காதர் பாய் ஓர் அலமாரி அகலத்தில் அத்தர்க் கடை வைத்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வாய் ஓயாது. மல்லிகை, ரோஜா, மரிக்கொழுந்து என்று ஒவ்வொன்றாகப் புறங்கையில் தடவிக் காட்டினார். எல்லாமே ரெக்கார்ட் ரூமிடம் தோற்றுப் போயின.

"எதைப் போட்டாலும் உங்க வாசனைதான் தம்பி ஜெயிக்குது. எங்க வேலை?"

சொன்னேன்.

"அப்ப பூ சரிப்படாது. சண்டை போடற சரக்கு வேணும்" என்று உள்ளேயிருந்து ஒரு குப்பியை எடுத்தார். அடியில் சந்தனம், அதன்மேல் கொஞ்சம் பட்டை, அதற்கும் மேலே லவங்கம், லவங்கம், லவங்கம். மூடியைத் திறந்ததும் எதிர்க்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "இது மூக்குக்குள்ள போய் உக்காந்துக்கும். வேற எதையும் உள்ள விடாது" என்றார் பாய். சொன்னபடியே உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் எழுந்திருக்கவில்லை.

3

அத்தர் பூசியவனுக்குத் தன் வாசனை அரை மணி நேரத்தில் மறந்துபோகும். மற்றவர்களுக்கு மறக்காது. பூசியது நான்தான் என்றாலும், அது என்ன வாசனை என்று தீர்மானித்தது ஊர்தான்.

டவுன் பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம், "என்ன சார், இன்னும் பல்வலி விடலியா?" என்று கேட்பார். அந்தக் காலத்தில் பல்வலி வந்தால் பஞ்சில் லவங்கத் தைலத்தை நனைத்துச் சொத்தையில் வைத்துக் கடித்துக்கொள்வார்கள். திருச்சி ஜில்லாவில் பாதிப் பேருக்கு லவங்கம் என்றால் பல்வலிதான். பஸ்ஸில் பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருவர் உப்புநீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னார். இன்னொருவர் பல்லைப் பிடுங்கிவிடுவதே நல்லது என்று சொல்லி, தான் பிடுங்கிக்கொண்ட இடத்தை வாயைத் திறந்து காட்டினார்.

அலுவலகத்தில் வேறு கட்சி. "மத்தியானம் மெயின் கார்டு கேட் பக்கம் போயிட்டு வந்தீங்களா? பிரியாணி மணக்குதே" என்பார் தலைமைக் குமாஸ்தா. ஐயங்கார் பையனைப் பிரியாணி தின்றவன் என்று சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பெரியவர் ஒருவர் மட்டும் என்னைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டு, "தீர்த்த பரிமளம்!" என்பார். பெருமாள் தீர்த்தத்தில் லவங்கம் போடுவது உண்டல்லவா? ஆக, ஒரே ஆசாமி காலையில் நோயாளி, மத்தியானம் மாமிசம் தின்றவன், சாயங்காலம் பெருமாள்.

அத்தர் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு ஒரு குமாஸ்தா அத்தர் பூசுகிறான் என்றால் அவன் மைனர் என்று பொருள். சம்பளத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறான் என்று அடுத்த கேள்வி வரும். பல்வலி கௌரவமான வியாதி. அதையே வைத்துக்கொண்டேன்.

4

அந்த டவுன் பஸ்ஸில்தான் கோமளத்தைப் பார்த்தேன். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வீடு. திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். சில சாயங்காலங்களில் நான் அம்மா மண்டபத்துக்கு ஆற்றில் குளிக்கப் போவேன். அவள் வீடு திரும்பும் பஸ்ஸும் அதுதான். அவளைப் பார்த்த பிறகு அந்தச் சில சாயங்காலங்கள் எல்லாச் சாயங்காலங்களும் ஆயின. ஒருநாள் கண்டக்டர் பாக்கிச் சில்லறை தர மறந்தபோது அவள் குரலை உயர்த்தாமல், கை நீட்டாமல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நிறுத்தம் தாண்டி அவரே வந்து கொடுத்தார். கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று அன்று முடிவு செய்தேன். அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. நேராக அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். உத்தியோகம், கோத்திரம், விலாசம் எல்லாம் பத்தி பிரித்து.

ஜாதகம் பொருந்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் பெண் பார்க்கப் போனோம். அன்றைக்கு மட்டும் பூசாமல் இருந்திருக்கலாம். ஆனால் முதல் நாள்தான் ரெக்கார்ட் ரூமில் பழைய கட்டுகளை இறக்கியிருந்தோம். என் உடம்பை நானே நம்பவில்லை. வழக்கத்தைவிட ஒரு சொட்டு கூடவே பூசினேன்.

கோமளத்தின் அப்பா ரங்காச்சாரி, கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சியை விசாரிப்பது போலத்தான் மாப்பிள்ளையையும் விசாரித்தார். அவருடைய தங்கை செங்கமலம் என்கிற அத்தை, கதவோரம் நின்றுகொண்டிருந்தார். கோமளம் சொஜ்ஜியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்து நமஸ்காரம் செய்துவிட்டு உள்ளே போனாள். நான் ஆறு பஜ்ஜி சாப்பிட்டேன். அப்புறம் தாம்பூலத்தில் இருந்த கொட்டைப்பாக்கைக் கடித்து மென்றேன். பதற்றம் வந்தால் எனக்குப் பல் சும்மா இருக்காது.

அத்தை மூக்கைச் சுளித்தார். "அண்ணா, ஏதோ மசாலா வாசனை வர்றதே. ஹோட்டல் வாசனை. அந்த ஹோட்டல்."

பிரியாணியை ஜன்மத்தில் பார்த்திராத அம்மாள். எந்த ஹோட்டல் என்று எப்படித் தெரியும் என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

"அசட்டுப் பிசட்டுன்னு பேசாதே. லவங்கத் தைலம் அது" என்றார் ரங்காச்சாரி. என்னிடம் திரும்பினார். "ஏன் ஸ்வாமி, பல்லுல ஏதானும் உபத்ரவமோ?"

அத்தர் என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஒரே வார்த்தை. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "ஆமாம், ரெண்டு நாளா கடவாயில சித்த வலி" என்று சொல்லிவிட்டாள். நான் சும்மா இருந்தேன். கதவுக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம் கேட்டது.

5

நடுவில் இந்த ஊர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், பக்கத்து வீட்டு அம்மாள் மாடிப்படியில் என்னைக் கடந்து போனவர் திரும்பி வந்தார். கண் கலங்கியிருந்தது. "உங்கள் மேல் என் அம்மாவின் சமையலறை மணக்கிறது. கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஒரு பெரிய பன்றித் தொடையில் வரிசை வரிசையாக லவங்கம் குத்தி வைத்துச் சுடுவாள்" என்றார். செங்கமலத்தம்மாள் என்மேல் வைத்த சந்தேகம் எவ்வளவு மிதமானது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பேத்திக்கு நான் பூசணிக்காய்ப் பணியாரம். "தாத்தா வந்தா பம்ப்கின் பை வந்த மாதிரி இருக்கு" என்கிறாள். அவளுக்குத் தமிழில் தெரிந்த முழு வாக்கியங்கள் நாலைந்துதான். அதில் இது ஒன்று. ஆகையால் நான் ஆட்சேபிப்பதில்லை.

குப்பி இன்றும் திருச்சியிலிருந்துதான் வருகிறது. சுங்கப் படிவத்தில் "பொருள்: தைலம். பயன்: வெளிப்பூச்சு" என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் உண்மை.

6

பத்து நாளில் ரங்காச்சாரியிடமிருந்து கடிதம் வந்தது. பெண்ணுக்கு ஆட்சேபணை இல்லை, ஜாதகமும் திருப்தி. ஆனால் இருபத்தைந்து வயதிலேயே பல் உபத்திரவம் என்றால் நாற்பதில் என்ன ஆகும், இது வம்சத்தில் உள்ளதா என்பதை மட்டும் தெளிவுபடுத்தினால் மேலே பேசலாம் என்று எழுதியிருந்தார்.

இதற்கு நான் என்ன செய்திருக்க வேண்டும்? "வலி நின்றுவிட்டது, பல் நன்றாக இருக்கிறது" என்று ஒரு கார்டு போட்டிருக்கலாம். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஒரு பல் டாக்டரிடம் போனேன். பணம் கட்டி முறைப்படி பரிசோதனை செய்துகொண்டு சர்டிஃபிகேட் வாங்கினேன். பற்கள் முப்பது. சொத்தை இல்லை, ஈறு நோய் இல்லை, கடந்த காலத்தில் எவ்வித நோயும் இருந்ததற்கான அடையாளமும் இல்லை. மீதி இரண்டு பல் இன்னும் முளைக்கவில்லை என்பதற்குத் தனிக் குறிப்பு. கடைசி வரிகளை நான்தான் டாக்டரிடம் வற்புறுத்திச் சேர்க்கச் சொன்னேன். எந்தக் கேள்வியும் பாக்கி இருக்கக் கூடாது என்பது என் கொள்கை. ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். அவ்வளவு அழகான சர்டிஃபிகேட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாலாம் நாள் பதில் வந்தது. ஒரே வரி. "பல்லில் எவ்வித நோயும் இருந்ததே இல்லை என்றால், அன்றைக்கு வந்த வாசனைக்கு ஹேது யாது?"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "வலின்னு நான் வாயால சொன்னேனேடா! அதை இல்லைன்னு டாக்டர் முத்திரை போட்டு அனுப்பியிருக்கியே! இப்ப என் வார்த்தையும் போச்சு, உன் பல்வலியும் போச்சு. பாக்கி என்ன இருக்கு? பிரியாணிதான் இருக்கு!"

அவள் சொன்னது முற்றிலும் சரி. எனக்கு இருந்த ஒரே கௌரவமான வியாதியை நானே பணம் கட்டிக் குணப்படுத்திவிட்டேன்.

காதர் பாயிடம் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாய், அன்னிக்கு நான் போட்டிருந்தது உங்க அத்தர்தான்னு நாலு வரி எழுதித் தருவீங்களா?"

"தம்பி, நீங்க பிரியாணி சாப்பிட்டதுக்கு நான் சாட்சி சொன்னா ஊர் நம்பும். சாப்பிடலைங்கறதுக்கு உத்தர வீதியில நான் வந்து சாட்சி சொன்னா? கூட உக்காந்து சாப்பிட்டவன்னு சொல்லிடுவாங்க. நேரா போய் அத்தர்னு சொல்லுங்க. ஒத்த வார்த்தை. அதுக்கு ஏன் எழுத்து?"

அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. போய் நேரில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். ஆனாலும் கையில் ஒரு காகிதம் இருப்பது நல்லதல்லவா? அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டது இன்னின்ன என்று மெஸ் சொந்தக்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு சாட்சிக் கையெழுத்தும் போடச் சொன்னேன். ஒருவர் எலி செத்திருக்கிறது என்று சொன்னவர்.

7

போனது ஒரு சனிக்கிழமை பிற்பகல். நல்ல வெயில். கோமளம்தான் கதவைத் திறந்தாள். அதுவரை அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும்தான்.

"அப்பா பெருமாளை ஸேவிக்கப் போயிருக்கார். அத்தை தூங்கறா" என்றாள். கதவைச் சாத்தவில்லை, உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை. நான் வாசலில், அவள் ரேழியில்.

"அப்ப நான் இன்னொரு நாள்..."

"கையில என்ன, பதிலா? இன்னொரு சர்டிஃபிகேட்டா?"

கொடுத்தேன். வகுப்பில் நோட்டுத் திருத்துகிறவள்போல நிதானமாகப் படித்தாள்.

"வெண்டைக்காய்ச் சாம்பார், ரசம், மோர், அப்பளம். அப்பளம் எத்தனைன்னு போடலியே?"

"அத்தர். லவங்க அத்தர். ரெக்கார்ட் ரூம் நாத்தம் தாங்காம போட்டுக்கறேன். வேற ஒண்ணும் இல்லை."

"தெரியும்."

"தெரியுமா?"

"பஸ்ஸுல தெனம் முன் சீட்டு வரைக்கும் வர்றது. ஒரு வருஷமா ஒரே பல்லு வலிக்குமா? பல்வலிக்காரர் கொட்டைப்பாக்கைக் கடிப்பாரா? மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுட்டு வந்தவர் ஆறு பஜ்ஜியை உள்ள தள்ளுவாரா?" எண்ணியிருக்கிறாள்.

"உங்கப்பா கிட்ட நீங்களே சொல்லியிருக்கலாமே?"

"அவர் கேட்டது உங்களை."

அவளே தொடர்ந்தாள். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் நான் ஏதாவது வாதாடியிருப்பேன்.

"எனக்கு உங்களைப் பிடிச்சுதான் இருந்தது. அந்த வாசனைகூடப் பிடிச்சுது. இந்த வீதியில வேற யார்கிட்டயும் இல்லாத வாசனை. அன்னிக்கு அப்பா கேட்டபோது கதவுக்குப் பின்னாடி நின்னுண்டு, சொல்லப் போறார், சொல்லப் போறார்னு காத்துண்டிருந்தேன். சொல்லலை. சரி, பெரியவா முன்னாடி கூச்சம்னு நினைச்சுண்டேன். அப்புறம் ரிஜிஸ்டர் தபால் வந்தது. ஒரு மனுஷரை ஒண்ணு கேட்டா டாக்டர் பதில் சொல்றார். இன்னொண்ணு கேட்டா மெஸ்காரர் பதில் சொல்றார். நாளைக்கு நான் ஒண்ணு கேட்டா யார் வருவா?"

"அத்தர்னு சொல்லியிருந்தா உங்கப்பா ஒத்துண்டிருக்க மாட்டார்" என்றேன். அதுதான் என் கட்சியில் மிஞ்சியிருந்த ஒரே வாதம்.

"மாட்டார். வேண்டாம்னு அன்னிக்கே சொல்லியிருப்பார். நான் மூணு நாள் சாப்பிடாம இருந்திருப்பேன். நாலாம் நாள் சரின்னிருப்பார். எனக்கு டீச்சர் வேலைக்கு அப்படித்தான் சரின்னார்."

"இப்ப?"

"இப்ப எதுக்குச் சாப்பிடாம இருக்கணும்?"

காகிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் நீட்டினாள். அப்புறம், வெயிலில் வந்திருக்கிறேன் என்று உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தாள். நின்றபடியே குடித்தேன். உப்பும் பெருங்காயமும் சரியாக இருந்தன. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அந்த வீட்டில் நான் யாரும் கேட்காமல் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.